அரைப் பவுன் குண்டு

டெலஸ்கோப்பில் வைத்த கண்ணைக் கணேசமூர்த்தி எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்பதுதான் சரி. ஐம்பது மீட்டருக்கு அப்பால், மலையடிவாரத்து மண்மேட்டுக்கு முன்னால் நின்ற இலக்குத் தாளில் அவர் மனைவி இராமலட்சுமி சற்றுமுன் சுட்ட குண்டு ஓர் ஓட்டை போட்டிருந்தது. அந்த ஓட்டை வட்டமாக இல்லை. குண்டு போடும் ஓட்டை வட்டமாக இருக்கும் என்பதைத் துப்பாக்கியைக் கண்ணால் பார்க்காதவர்களும் அறிவார்கள். இது நீளவாக்கில் இருந்தது. தலைப்பக்கம் கூம்பு, கால்பக்கம் தட்டை. யாரோ சின்னதாக ஓர் ஆள் தாளின்மேல் ஒருக்களித்துப் படுத்திருந்துவிட்டு எழுந்து போன தடம் மாதிரி. முதலில் அதைப் பல்லி என்று நினைத்தார். பல்லி நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் பல்லியின் வயிற்றுக்குள் பின்னாலிருந்த செம்மண் தெரிந்தது.

அவருக்கு வாய் திறந்துகொண்டது. சாரல் விழுந்துகொண்டிருந்ததால் வாய்க்குள்ளும் விழுந்தது. அது தெரியாமல் நின்றார். அறுபத்தொரு வயதுக்குள் அவர் அதிர்ச்சியடைந்த சந்தர்ப்பங்களை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம்; அதிலும் இரண்டு விரல் மிச்சமிருக்கும். கூட்டுறவு பேங்க்கில் நகை மதிப்பீட்டாளராக இருந்தவருக்கு அதிர்ச்சி என்பது தொழிலுக்கு ஆகாத பழக்கம். ஆலங்குளத்தில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கைகொடுத்தபோதே அவன் விரல் மோதிரம் சொன்ன எடைக்கு ஒரு குன்றிமணி குறைவு என்று கண்டுபிடித்து, பெண்ணின் தகப்பனார் காதில் சொல்லி, முகூர்த்தம் தள்ளிப்போனது அந்த வட்டாரமே அறிந்த செய்தி. மாப்பிள்ளை வீட்டார் அதே மண்டபத்தில் மோதிரத்தை நிறுத்துப் பார்த்தார்கள். ஒரு குன்றிமணிதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படிப்பட்ட கை அது. அந்தக் கைதான் இன்று காலையில் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்திருந்தது.

குற்றாலத்து ரைபிள் கிளப்பின் ஆண்டுப் போட்டி அன்று. கிளப்பிடம் துப்பாக்கிகள் பல இருந்தன. சுடுவதற்கு ஆகிற துப்பாக்கி ஒன்றுதான் இருந்தது. மற்றவற்றில் ஒன்று, சிவகிரிப் பக்கம் குறிவைத்தால் புளியங்குடிப் பக்கம் சுடும். இன்னொன்று சுடுகிறவரைத் தவிர மற்ற எல்லாரையும் பயமுறுத்தும். ஆகவே போட்டியன்று எல்லாரும் அந்த ஒரு நல்ல துப்பாக்கியிலேயே முறைவைத்துச் சுடுவார்கள். முதலாவதாக வருகிறவருக்கு அது அடுத்த ஆண்டுப் போட்டி வரைக்கும் சொந்தம் மாதிரி. பயிற்சிக்கும் அதுதான், மாநிலப் போட்டிக்கும் அதுதான். தோற்றவர்கள் மிச்சத்தை வைத்து மலையைச் சுடலாம். மலை பெரியது, தப்பாது. மூன்று வருஷமாக அந்தத் துப்பாக்கி இராமலட்சுமியிடம் இருந்தது. இந்த வருஷம் கடையநல்லூர்ப் பல் டாக்டர் ஜுஹைனா முதலிலேயே சுட்டுமுடித்து, யாரும் எதிர்பாராத புள்ளி எடுத்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் குடையோடு உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் சறுக்கினாலும் துப்பாக்கி கடையநல்லூருக்குப் போய்விடும்.

இராமலட்சுமி தென்காசி தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் இருப்பவர். துப்பாக்கிக்கு வந்த கதை எளிமையானது. குப்புறப் படுத்தால் முதுகுவலி குறையும் என்று டாக்டர் சொன்னார். வீட்டில் குப்புறப் படுத்தால் பக்கத்து வீட்டில் இருந்து என்ன ஏது என்று கேட்க வருவார்கள். கிளப்பின் ரேஞ்சில், சுடுகிற பாயில் படுத்தால் யாரும் கேட்பதில்லை. படுத்த இடத்தில் சும்மா இருப்பானேன் என்று சுட்டார். முதல் நாளே நடுவில் பட்டது. அசையாமல் கிடப்பதில் அவருக்கு இணை கிடையாது. ஒருமுறை அவர் குறிபார்த்துக் கிடந்தபோது முழங்கைக்கும் பாய்க்கும் நடுவில் சிலந்தி ஒன்று வலை பின்னி, கொசு பிடித்து, தின்றுவிட்டு, இடம் வசதிப்படவில்லை என்று கிளம்பியும் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் சுட்டார். பத்து.

அந்த வீட்டில் மருமகன் முதல் மிக்ஸி வரைக்கும் தேர்ந்தெடுத்தது கணேசமூர்த்தி. தூக்கிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், கனமாக இருப்பதை வாங்குவார். மருமகனைத் தூக்கிப் பார்த்தாரா என்பது தெரியாது. ஆனால் மருமகன் கனமானவர். இராமலட்சுமி தானாகத் தேர்ந்தெடுத்த ஒரே சாமான் அந்தத் துப்பாக்கிக்குரிய தோட்டாதான். பாயிண்ட் டூ டூ தோட்டாவில் எத்தனையோ தினுசு உண்டு. கிளப்பின் இரும்புப் பீரோவில் இருந்த ஒவ்வொரு தினுசிலும் வாங்கி, காற்று இல்லாத மாசி மாதக் காலைகளில் அடித்துப் பார்த்து, ஓட்டைகள் எதில் நெருங்கி விழுகின்றன என்று பொறுமையாகப் பார்த்து, கடைசியில் நாற்பது கிரெய்ன் எடைக் குண்டு வைத்த ஒரு தினுசைப் பிடித்தார். அதிலும் ஒரே நாளில் ஆலையில் செய்த பெட்டிகளாகக் கேட்டு வாங்கினார். அவர் அப்படி எதையும் கேட்டு வாங்கி யாரும் பார்த்ததில்லை.

கணேசமூர்த்திக்கு அது சரிப்படவில்லை. வாராவாரம் கிளப் அறையில் தன் நகைத் தராசைக் கொண்டுபோய் வைத்து, எல்லாருடைய தோட்டாக்களையும் நிறுத்து, எடை பிசகியவற்றைப் பொறுக்கித் தள்ளிக் கொடுப்பது அவர் செய்துவந்த தர்மம். நாற்பது கிரெய்ன் என்பது கால் பவுனும் ஐந்து குன்றிமணியும்தான். கால் பவுனைக் கொண்டு ஆனி மாதக் காற்றை எதிர்ப்பதா? செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று சாதாரணக் காற்று அல்ல. இலஞ்சியில் காயப்போட்ட வேட்டி ஒன்று ஆலங்குளத்தில் மடித்த மேனிக்குக் கிடைத்திருக்கிறது. எடுத்துக் கொடுத்தவர் மின்வாரியத்தில் இருந்தவர். பொய் சொல்ல அவருக்கு நேரம் கிடையாது. போட்டிக்கு முந்தின வாரத்தில்தான், பீரோவின் அடித்தட்டில், ஊர் மாறிப் போன ஒரு பழைய உறுப்பினர் விட்டுச் சென்ற பெட்டி கண்ணில் பட்டது. அறுபது கிரெய்ன். ஒரு தோட்டாவின் குண்டை மட்டும் கழற்றித் தராசில் வைத்தார். அரைப் பவுனுக்கு ஒரு குன்றிமணிதான் குறைவு. அவருக்குப் புல்லரித்துவிட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சு அதுதான்.

"காத்துல லேசான குண்டு அலையும்ட்டி. கனமா இருந்தா நேரா போவும். கனமான ஆளக் காத்து தள்ளுமா?"

"நான் கனமாத்தான் இருக்கேன். ஒங்கம்மா தள்ளலையா?"

"நான் எடையப் பத்திப் பேசுதேன்."

"நானும் அதத்தான் பேசுதேன். இந்தக் குழலுக்கு நாப்பதுதான் பிடிச்சிருக்கு. அதுக்குப் பிடிச்சத அதுக்குப் போடணும். மனுசருக்குத்தான் அந்தக் கொடுப்பின இல்ல, துப்பாக்கிக்காவது இருக்கட்டும்."

இராமலட்சுமி ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டார். கணேசமூர்த்தி ரசத்தைக் குடித்துக்கொண்டே தீர்மானித்தார். மனைவிமேல் அவருக்கு அன்பு உண்டு. அவருடைய அன்பு எப்போதும் அடுத்தவர் சம்மதத்துக்குக் காத்திருந்ததில்லை. போட்டி நாள் காலையில், தோட்டாக்களைத் தலைகீழாகச் செருகி வைக்கிற மரக்கட்டையைத் துடைத்து வைப்பதுபோல எடுத்துப்போய், கடைசி வரிசையை மட்டும் உருவி அரைப் பவுன் தோட்டாக்களைச் செருகினார். காற்று கடைசியில்தான் கூடும், கூடும்போது கனம் கைகொடுக்கும், ஜெயித்தபிறகு சொல்லிக்கொள்ளலாம். செருகிய பின் வெளியே தெரிவது பித்தளை அடிப்பாகம் மட்டும். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது.

அவர் கணக்கிட்டபடியே கடைசி வரிசையில் காற்று கூடியது. காற்றைக் காட்டக் கொடிகளாகக் கட்டியிருந்த ரிப்பன்கள் படுக்கையாக நின்றன. குறிபார்க்கும் துவாரத்தில் இருந்து கண்ணை எடுக்காமல், கையால் தடவித் தோட்டாவை எடுத்துப் போடுவது இராமலட்சுமியின் வழக்கம். எடுத்தார், போட்டார், காற்று ஒரு நொடி தணியக் காத்தார், சுட்டார். சத்தம் வேறாகக் கேட்டது. வழக்கமான சொடுக்கு இல்லை. தலையணையில் குத்தியது மாதிரி ஒரு மொத்தல். அவர் தன் டெலஸ்கோப்பில் பார்த்தார். பின்னால் நின்று கணேசமூர்த்தி தன்னுடையதில் பார்த்தார். இரண்டு பேரும் பார்த்தது அந்தப் பல்லியைத்தான்.

இராமலட்சுமி துப்பாக்கியைப் பாயில் கிடத்தினார். மரக்கட்டையில் இருந்து அடுத்த தோட்டாவை உருவி, மூக்கருகே கொண்டுவந்து பார்த்தார். பித்தளை குட்டையாக, ஈயம் நெட்டையாக இருந்தது. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். முப்பத்துமூன்று வருஷக் குடும்பத்தில் கணேசமூர்த்தி அவருடைய கோபத்தைப் பார்த்திருக்கிறார், அழுகையைப் பார்த்திருக்கிறார், மாமியார் இறந்த அன்று அடக்கிக்கொண்ட சிரிப்பைக்கூடப் பார்த்திருக்கிறார். இந்தப் பார்வையை மட்டும் பார்த்ததில்லை. பூட்டிய வீட்டுக்குள் அந்நியன் உட்கார்ந்து காப்பி குடிப்பதைக் கண்டவளின் பார்வை அது. திகைப்பு மட்டும்தான் இருந்தது அதில். கையெடுத்து ஏதாவது ஜாடை காட்டலாம் என்று நினைத்தார். கை வரவில்லை.

இராமலட்சுமி திரும்பிக்கொண்டார். கடைசி வரிசை முழுவதையும் பாயில் கொட்டினார். பக்கத்தில் இருந்த தன் பெட்டியைத் திறந்து நாற்பது கிரெய்ன் தோட்டாக்களை எடுத்து வைத்துக்கொண்டு, மறுபடி படுத்தார். அவர் முதுகு ஒரு மூச்சுக்கு ஏறி இறங்கியது, அப்புறம் ஏறவில்லை. மிச்சத்தைச் சுட்டு முடித்தார். எல்லாம் வட்டமான ஓட்டைகள், எல்லாம் நடுவில். காற்று அப்போது அடித்த அடியில் ஜுஹைனாவின் குடை பின்புறமாக மடங்கி டம்ளர் மாதிரி ஆகி, அதில் சாரல் தேங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைக் கவனிக்கவில்லை.

எழுந்து வந்த இராமலட்சுமி கணேசமூர்த்தியின் கையைப் பிடித்து விரித்து, மீந்த அரைப் பவுன் தோட்டாக்களை உள்ளங்கையில் வைத்தார்.

"எடை போட்டுப் பாருங்க."

அந்தக் கைக்கு எடை தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. பஞ்சா இரும்பா என்று கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

தாளைக் கழற்றிக் கிளப் அறைக்குக் கொண்டுவந்தார்கள். செயலாளர் சேக் மைதீன் அதை மேஜையில் விரித்துவிட்டு, கணேசமூர்த்தியின் கையில் இருந்த தோட்டாவைப் பார்த்து, பிறகு தாளைப் பார்த்து, தலையில் கைவைத்தார்.

"இது அறுபதுல்லா! ஓய், யாருவே இத எடுத்துப் போட்டது?"

"நான்தான் வச்சேன்," என்றார் கணேசமூர்த்தி. அவர் குரல் பக்கத்து அறையில் இருந்து வருவதுபோல இருந்தது.

"நம்ம துப்பாக்கிக் குழல் நாப்பதுக்குச் சுத்திவிடுத குழலுவே. பம்பரம் விட்டிருக்கீரா இல்லியா? நெட்டப் பம்பரத்துக்குச் சுத்து பத்தலன்னா என்ன செய்யும்? தல ஆடிக் கெறங்கிப் படுத்துரும்லா. குண்டும் அப்படித்தான். அங்கன போறதுக்குள்ள படுத்துட்டு. படுத்த மேனிக்கே போயித் தாள்ல மோதிருக்கு. கனமா இருந்தாப் போதுமா? நீளமும்லா கூடுது!"

கணேசமூர்த்தி கேட்டுக்கொண்டார். பவுனில் கனம் ஏறினால் மதிப்பு ஏறும். இதைவிட எளிய கணக்கை ஆண்டவன் படைக்கவில்லை என்று அவர் இருந்தார். கனம் ஏறினால் நீளம் ஏறும், நீளம் ஏறினால் சுற்று போதாது, சுற்று போதாவிட்டால் படுத்துவிடும் என்பதெல்லாம் பேங்க்கில் யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

சிக்கல் அதற்கப்புறம்தான் வந்தது. ஓட்டையின் நடுப்பகுதி எட்டாம் வளையத்தில் கிடந்தது. ஆனால் அதன் தலை ஒன்பதைத் தாண்டி நீண்டு பத்தின் கோட்டருகே போயிருந்தது. நுனி கோட்டைத் தொட்டால் அந்தக் கோட்டின் புள்ளி, தொடாமல் நின்றால் நடுப்பகுதி கிடக்கும் வளையத்தின் புள்ளி என்பது கிளப்பின் வழக்கம். மற்ற எல்லாப் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்தார்கள். இது எட்டு என்றால் இராமலட்சுமி ஒரு புள்ளியில் தோல்வி. பத்து என்றால் ஒரு புள்ளியில் வெற்றி. நடுவரான ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சுந்தரபாண்டி, ஓட்டையில் விட்டு அளவு பார்க்கும் பித்தளை முளையை எடுத்து அதற்குள் வைத்தார். முளை வட்டமானது, ஓட்டை நீளமானது. எட்டில் வைத்தால் எட்டில் நின்றது, ஒன்பதுக்குத் தள்ளினால் ஒன்பதுக்குப் போய் நின்றது. இன்ஸ்பெக்டர் சர்வீஸில் அப்படிச் சொன்னபடியெல்லாம் கேட்ட சாட்சியைப் பார்த்தவர் என்பதால் அதை நம்பவில்லை.

"நின்னுக்கிட்டுப் போன குண்டத்தான் இதுவரைக்கும் அளந்திருக்கோம்," என்றார். "படுத்துக்கிட்டுப் போன குண்ட எப்படி அளக்க? நடுவுல ஒம்போதுன்னு போட்டுருவமா? ரெண்டு பேரும் சமம்னு ஆயிரும். சோலி முடிஞ்சுது."

"வேண்டாம்," என்றார் இராமலட்சுமி.

"வேண்டாம் சார்," என்றார் ஜுஹைனா அதே நேரத்தில். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தகரக் கூரையில் சாரல் சத்தம். இராமலட்சுமி மேஜையில் கிடந்த துப்பாக்கியின் குழலை, கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவுவதுபோல ஒரு தடவை தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். கத்தப் போகிறார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். சேக் மைதீன் ஓரடி பின்வாங்கியும் நின்றுகொண்டார்.

"நீங்கதான மதிப்பீட்டாளரு. நீங்களே பாத்துச் சொல்லுங்க. இது எட்டா, பத்தா?"

அறையில் இருந்த மற்ற நான்கு பேருக்கும் அது காதில் விழுந்து உள்ளே இறங்க நேரம் பிடித்தது. முதலில் சுதாரித்தது இன்ஸ்பெக்டர்.

"ஏம்மா, அவரு ஒங்க வீட்டுக்காரருல்லா! அவரு எப்படிச் சொல்லுவாரு? எதிர்க்கட்சிக்காரங்க ஒத்துக்கிடணும்லா."

எதிர்க்கட்சிக்காரர் தன் டம்ளர்க் குடையில் இருந்த தண்ணீரை ஜன்னல் வழியாக ஊற்றிவிட்டுச் சொன்னார்: "எனக்குச் சம்மதம் சார். எங்க கல்யாணத்துல மாப்பிள்ள வீட்டு நகையெல்லாம் அண்ணாச்சிதான் பாத்தாங்க. எங்க மாமியார பக்கத்துல வச்சிக்கிட்டே, அந்தம்மா போட்ட வளையல் செம்புன்னு சொன்னவங்க. மாமியார் இன்னும் அவங்ககிட்டப் பேசல, என்கிட்டயும் பேசல. அண்ணாச்சி என்ன சொன்னாலும் நான் ஏத்துக்கிடுதேன்."

"ஏட்டி..." என்றார் கணேசமூர்த்தி மனைவியிடம். அவர் எதற்கும் தயாராகத்தான் வந்திருந்தார்: கூச்சலுக்கு, அழுகைக்கு, ஒரு மாதத்துக்குப் பேச்சு இல்லாமல் தட்டு மட்டும் வந்து மேஜையில் விழுவதற்கு. இதற்குத் தயாராக வரவில்லை. "எனக்கு எதுக்கு இது? நான்தான் கெடுத்து வச்சேன். அவுகளே சொல்லட்டும்."

"கெடுத்தது வேற. இப்ப கேக்கது வேற," என்றார் இராமலட்சுமி. குரல் உயரவில்லை; கவுண்ட்டரில் ஸ்டாம்பு கேட்டவருக்குச் சொல்வதுபோல இருந்தது. "எனக்கு வீட்டுக்காரர் சொல்லாண்டாம். பேங்க்குல ஒக்காந்து எப்படிச் சொல்லுவியளோ அப்படிச் சொல்லுங்க. பத்துன்னா பத்து. எட்டுன்னா நான் துப்பாக்கியத் தொடச்சி டாக்டர் கையில குடுத்துட்டு வாரேன். ஆனா ஒண்ணு. எனக்காகன்னு ஒரு முடி அளவு தள்ளிச் சொன்னியள்னா, பாத்த ஒடன எனக்குத் தெரியும்."

தெரியும் என்பதில் கணேசமூர்த்திக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையில் இருந்து கண்ணில் பொருத்தும் லென்ஸை எடுத்து வேட்டியில் துடைத்தார். லென்ஸைப் பொருத்தித் தாளின்மேல் குனிந்தார். உலகம் சட்டென்று ஒரு ஓட்டை அளவுக்குச் சுருங்கி, அந்த ஓட்டை ஒரு குகை அளவுக்குப் பெரிதாகியது. குகையின் ஓரமெல்லாம் ஈயத்தின் கறுப்பு. தலைப்பக்கத்தில், கூம்பு முடிகிற இடத்தில், பத்தின் கோடு கிணற்றுக் கயிறு தடிமனுக்குக் கிடந்தது. குகைக்கும் கயிறுக்கும் நடுவில் வெள்ளைத் தாள் இருக்கிறதா என்று தேடினார். அங்கே கிழிந்த தாளின் நார் ஒன்று, ஈரத்தில் ஊறிப் பருத்து, பிறந்த குழந்தையின் தலைமுடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. குண்டின் கறுப்பு அந்த நாரின் நுனிவரைக்கும் ஏறியிருந்தது.

அவர் மூச்சு விட்டார். நார் நகர்ந்து கயிற்றைத் தொட்டது. பத்து. மூச்சை இழுத்தார். நார் விலகியது. நடுவில் வெள்ளை தெரிந்தது. எட்டு. முப்பது வருஷம் பவுனைப் பார்த்தவருக்கு, பார்க்கிறவனின் மூச்சுப் பட்டுப் பொருள் மாறும் என்பது புதிதாக இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். ஜன்னலை யாரோ சாத்தியிருந்தார்கள், காற்று இல்லை. இருந்தும் நார் நிற்கவில்லை. கயிற்றைத் தொட்டது, விட்டது, தொட்டது, விட்டது. அவருடைய காதுக்குப் பின்னால், தோளை உரசாத தூரத்தில், துப்பாக்கி எண்ணெய் மணக்கக் குனிந்து நின்று, மூச்சை விட்டு இழுத்தபடி அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் இராமலட்சுமி.